பூஸ்ட் ஏறினால் முதலில் பிளக்கைப் பாருங்கள்

டர்போ காருக்கு ரீமேப் போட்டவர்கள் பத்து நாள் கழித்துக் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா நாலாயிரத்துக்கு மேல வண்டி வெட்டுது சார். பாதி மிதிச்சா ஒண்ணும் தெரியல." உடனே பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகிப்பவர்கள் உண்டு, டர்போவே போய்விட்டது என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. பல நேரங்களில் காரணம் பிளக் முனையில் இருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான்.

இந்த அத்தியாயத்துக்கு உதாரண வண்டியாகப் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2004 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 20 வால்வு, டர்போ, 150 குதிரைசக்தி. இதே இன்ஜின் குடும்பம் அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன், ஆடி, சீட் கார்களிலும் ஓடியதால் இதன் பலமும் பலவீனமும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. டர்போவை மாற்றாமல் ரீமேப் மட்டும் செய்தாலே 190 குதிரைசக்தியை நெருங்கும். இக்னிஷன் தடுமாறத் தொடங்குவதும் அங்கேதான். பிற்கால டிஎஸ்ஐ இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பிளக்கின் எண்ணும் முறுக்கு அளவும் மட்டும் அவரவர் இன்ஜினுக்குரியதாக இருக்க வேண்டும்.

செலவு செய்யும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இக்னிஷனை மேம்படுத்துவதால் குதிரைசக்தி கூடாது. கலவை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருந்தால், அதைவிடப் பெரிய பொறி கொடுத்தும் டைனோவில் கோடு உயராது. பொறி தவறிக்கொண்டிருந்த வண்டியில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். அதுவும் இழந்த சக்தி திரும்பி வந்ததே தவிர, புதிதாக எதுவும் கிடைத்ததில்லை. "இந்த காயில் போட்டா பத்து பிஎச்பி ஏறும்" என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

பொறி ஏன் தவறுகிறது

"பூஸ்ட் வந்து பொறியை ஊதி அணைச்சிடுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். காற்றில் தீக்குச்சி அணைவதுபோல நடக்கிறது என்று அதைக் கேட்டால் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் பொறி உருவாவதே இல்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிஷ் பாஷன் 1889இல் கண்ட விதி இங்கே வேலை செய்கிறது. இரு முனைகளுக்கிடையே மின்சாரம் தாவ எவ்வளவு வோல்ட் தேவை என்பதை, இடைவெளியையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் தொகை தீர்மானிக்கிறது. சிலிண்டருக்குள் நிலவும் நிலையில் அழுத்தம் கூடினால் தேவைப்படும் வோல்டேஜும் கூடும். டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால் சிலிண்டருக்குள் ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்று போகிறது. பொறி விழும் நொடியில் அங்குள்ள அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேரும். பூஸ்ட் கூடினால் நாக்கிங் வராமலிருக்க, இன்ஜின் கணினியான இசியு பொறியைச் சற்றுத் தாமதமாக விடும். அதற்குள் பிஸ்டன் இன்னும் மேலே ஏறி, அழுத்தம் மேலும் கூடியிருக்கும். ஆக, பூஸ்ட் ஏற்றும்போது பொறிக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி.

காயில் கொடுக்கக்கூடிய உச்ச வோல்டேஜுக்கு ஒரு எல்லை உண்டு. 30,000 முதல் 40,000 வோல்ட் வரை சாதாரணம். தேவை அதைத் தாண்டினால் மின்சாரம் வேறு வழி தேடும். ரப்பர் பூட்டின் உட்புறமாக இறங்கும், அல்லது பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் வழிந்து பாடிக்குப் பாயும். பிளக்கைக் கழற்றும்போது பீங்கான் மேல் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போலக் கருப்பு இழை தெரிந்தால் அதுதான் தடயம். அந்த பிளக்கையும் அதன் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதில் பதிந்திருக்கும் கரிக்கோடு மறுபடி வழி காட்டும். பீங்கான் உலோகத்தைத் தொடும் இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தால் கவலை வேண்டாம். காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்கள் மின்புலத்தால் ஈர்க்கப்பட்டுப் படிந்த கறை அது. "கேஸ் லீக் ஆகுது" என்று அதைக் காட்டி நல்ல பிளக்கைத் தூக்கிப்போட வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிளக்: குறைந்த செலவு, அதிகப் பலன்

பாஷன் விதியில் நம் கைக்கு எட்டுவது இடைவெளி மட்டும்தான். அழுத்தத்தைக் குறைக்க முடியாது. அதற்காகத்தானே காசு கொடுத்து ரீமேப் போட்டிருக்கிறோம்! ஆகவே இடைவெளியைக் குறைக்க வேண்டும். இந்த 1.8 டர்போவில் கம்பெனி அளவு 0.8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ரீமேப் மட்டும் போட்ட வண்டிக்கு 0.7 போதும். பெரிய டர்போ மாட்டியிருந்தால் 0.6 வரை போகலாம். அதற்குக் கீழே இறங்கினால் ஐடிலிங் நடுங்கத் தொடங்கும். சிறிய பொறி கலவையின் சிறு பகுதியைத்தான் தொடும் என்பதால் லேசான கலவையில் பற்றவைக்கத் தடுமாறும். மிஸ்ஸாகாமல் ஓடும் இடைவெளிகளில் பெரியது எதுவோ அதுதான் உங்கள் வண்டிக்குச் சரியானது. சிறியதாக வைத்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு 0.5 வைக்காதீர்கள்.

அடுத்து ஹாட் பிளக், கோல்ட் பிளக் விவகாரம். பெயரைக் கேட்டுப் பொறியின் சூட்டைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். பிளக்கின் மூக்கு தன் சூட்டை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் விஷயம். மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அதற்குப் பிறகு பிஸ்டன் உருகுவதற்கு நிமிடங்கள் தேவையில்லை. சக்தி கூடினால் சூடு கூடும். எனவே ஒரு படி கோல்ட் பிளக்குக்கு மாறுவது வழக்கம். 75 முதல் 100 குதிரைசக்தி கூடினால் ஒரு படி என்பது துறையில் புழங்கும் கைக்கணக்கு. ஆக்டேவியாவில் கூடுவது அதற்குக் குறைவுதான். ஆனாலும் நம் ஊர் வெயிலில், பெட்ரோல் தரம் பங்க்குக்கு பங்க் மாறும் நிலையில், ஒரு படி இறங்குவது புத்திசாலித்தனம். இரண்டு படி இறங்காதீர்கள். ரேஸ் வண்டிக்கான பிளக்கை மாட்டிக்கொண்டு கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் மூக்கு கரி பிடித்து, பூஸ்ட் ஏறாமலே மிஸ்ஸாகும்.

எண்களில் ஒரு குழப்பம் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் கோல்ட் பிளக். பாஷ், சாம்பியன் இரண்டிலும் நேர்மாறு. என்ஜிகே 7க்கு டென்சோவில் 22 நிகர். எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் "இதுவும் அதேதான் சார்" என்று வேறொன்றைத் திணிக்க முடியாது. என்ஜிகே பிகேஆர்7இ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பி என்றால் 14 மில்லிமீட்டர் மரை, கே என்றால் 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடி, ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, 7 வெப்பப் படி, இ என்றால் 19 மில்லிமீட்டர் மரை நீளம். இந்த 1.8 டர்போவில் உலகெங்கும் அதிகம் புழங்கும் மாற்று பிளக் இதுதான். ஆர் இல்லாத பிளக்கை மட்டும் மாட்டிவிடாதீர்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பொறியின் மின் இரைச்சல் சென்சார் ஒயர்களுக்குள் புகுந்து இசியுவைக் குழப்பும்.

சாதா பிளக்கா, இரிடியமா? சந்தையில் "காப்பர்" என்று விற்பதில் செம்பு உள்ளே ஓடும் தண்டில்தான் இருக்கிறது. பொறி விழும் முனை நிக்கல் கலவை. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446இல். அதனால் இரிடியம் முனையை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. டென்சோ இரிடியம் பவரில் 0.4 மில்லிமீட்டர், என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் 0.6. மெல்லிய முனையிலிருந்து மின்சாரம் குறைந்த வோல்டேஜிலேயே தாவும், காயிலின் சுமை குறையும். நிக்கல் முனையோ தேயத் தேய மழுங்கும். மழுங்கிய முனைக்கு அதிக வோல்ட் வேண்டும், இடைவெளியும் தானாகவே அகன்றுகொண்டு போகும். என் அபிப்பிராயம் இதுதான்: 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு விலை குறைந்த நிக்கல் பிளக் தாராளமாகப் போதும். போட்டுவிட்டு மறந்துவிடுபவர் இரிடியம் வாங்கட்டும். எதுவானாலும் ரசீது தரும் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்குங்கள். பிளக்கில் போலிச் சரக்கு ஏராளம்.

மாட்டும் முறை

இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கில் கை வையுங்கள். ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரையும் கூடவே வந்துவிடும். காயிலை உருவியதும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றிவிட்டுப் பிறகு பிளக்கைத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அதை முதலில் மாற்றாமல் புது காயில் போடுவது வீண். எண்ணெயில் ஊறிய பூட் உப்பி, சீக்கிரமே மின்கசிவு தொடங்கும்.

புது பிளக் என்பதற்காக இடைவெளியைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். "ப்ரீ-கேப்டு" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். வட்ட நாணயம் போன்ற சரிவு கேஜ் இரிடியத்துக்கு ஆகாது, முனையை நெம்பி உடைத்துவிடும். வளைக்க வேண்டியது வெளிக் கொக்கியை மட்டும். நடு முனையின் மேல் எந்த அழுத்தமும் கூடாது. கீழே விழுந்த பிளக்கை மாட்டவே வேண்டாம். உள்ளே பீங்கான் கீறியிருந்தால் வெளியே தெரியாது.

மரையில் ஏற்றும்போது பழைய மெக்கானிக்குகள் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒரு சாண் நீளப் பெட்ரோல் ஹோஸைப் பிளக்கின் தலையில் செருகி, ஹோஸைக் கையால் திருகியே மரையைப் பிடிக்க வைப்பார்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கை முறுக்கு நின்ற பிறகு டார்க் ரெஞ்ச். இந்த இன்ஜினுக்கு 30 நியூட்டன் மீட்டர். மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவாதீர்கள். இப்போதைய பிளக்குகளுக்குப் பூச்சு ஏற்கெனவே உண்டு. கிரீஸ் இருந்தால் அதே 30இல் பிளக் அளவுக்கு மீறி இறுகும். கிரீஸ் வேண்டிய இடம் பூட்டின் உள் விளிம்புதான், அதுவும் சிலிகான் வகையில் ஒரு துளி.

காயில்: எப்போது மாற்றுவது

காயில் என்பது ஒரு சின்ன சேமிப்புக் கிடங்கு. முதல் சுற்றில் கரண்டை ஏற்றி, சட்டென்று துண்டித்தால் இரண்டாம் சுற்றில் உயர் வோல்டேஜ் எழும். கரண்ட் ஏறச் சுமார் 3 மில்லி செகண்ட் தேவை. இதை ட்வெல் என்பார்கள், இசியுதான் தீர்மானிக்கிறது. பழைய டிஸ்ட்ரிப்யூட்டர் வண்டியில் ஒரே காயில் நாலு சிலிண்டருக்கும் ஓட வேண்டும். 6,500 ஆர்பிஎம்மில் பொறிக்கும் பொறிக்கும் நடுவே 4.6 மில்லி செகண்ட்தான் கிடைக்கும். ஆக்டேவியாவில் சிலிண்டருக்கு ஒரு காயில். அதே வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் 18.5 மில்லி செகண்ட் அவகாசம் இருக்கிறது. ஆகவே "ஹை ஆர்பிஎம்மில் கம்பெனி காயில் தாங்காது" என்ற வாதம் இந்த வண்டிக்குப் பொருந்தாது.

ஆனால் இந்த இன்ஜினின் காயில்களுக்கு வேறொரு கெட்ட பெயர் உண்டு. 2000களின் தொடக்கத்து 1.8 டர்போ கார்களில் காயில்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 2003இல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் அவற்றை மாற்றித் தர வேண்டியதாயிற்று. காரணம் பூஸ்ட் அல்ல, அந்தத் தலைமுறைக் காயில்களின் தரம். பின்னால் வந்த திருத்திய காயில்கள் நன்றாகவே உழைக்கின்றன. உங்கள் வண்டியில் இன்னும் பழசு இருந்தால் நாலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் மற்றவை பின்தொடரும்.

சந்தேகப்படும் காயிலை மல்டிமீட்டரால் சோதிப்பதில் பயனில்லை. பவர் ஸ்டேஜ் உள்ளேயே அடங்கிய நாலு பின் காயிலில் முதல் சுற்றின் ரெசிஸ்டன்ஸை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஸ்கேனரில் பி0303 வந்தால் மூன்றாம் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் போடுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். மூன்றிலேயே நின்றால் பிளக், ஒயர், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காயிலைக் கையால் உருவிப் பார்க்கும் பழைய வித்தை இங்கே வேண்டாம். உங்களுக்கும் ஷாக், காயிலுக்கும் சாவு.

இப்போது எல்லோரும் கேட்கும் சிவப்புக் காயில். ஆடி ஆர்8இல் வந்த இந்தக் காயில் டிஎஸ்ஐ இன்ஜின்களில் அப்படியே உட்காரும். நம் 1.8 டர்போவில் உடல் வடிவம் வேறு என்பதால் அடியில் அடாப்டர் தட்டு வேண்டும். இசியுவின் அதே சிக்னலுக்கு வேலை செய்வதுதான் இது பரவக் காரணம். பழைய காயில் போய்விட்டது, புதியதும் இதுவும் ஒரே விலை என்றால் தாராளமாகப் போடுங்கள். நல்ல காயிலைக் கழற்றிவிட்டு நிறத்துக்காகப் போடுவது இன்ஜின் பேக்கு அலங்காரம், வேறொன்றுமில்லை. சிவப்பு பிளாஸ்டிக்கில் எவரும் காயில் வார்க்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தனி சிடிஐ பெட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது கெப்பாசிட்டரில் சேமித்து ஒரே வீச்சில் விடுவதால் வோல்டேஜ் வேகமாக ஏறும், ஆனால் பொறி நீடிக்கும் நேரம் மிகக் குறைவு. டிராக் ரேஸ் வண்டிகளில் அதற்கு இடமுண்டு. சாலையில் ஓடும் 200 குதிரைசக்தி வண்டிக்குத் தேவையில்லை.

யாரும் பார்க்காத ஒயர்

இருபது வருடமான வண்டியில் காயிலைவிட ஒயரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இன்ஜின் சூட்டில் காயில் ஹார்னஸின் இன்சுலேஷன் பொடிப்பொடியாக உதிரும், கனெக்டர் கிளிப்புகள் தொட்டாலே உடையும். கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் உண்டு. இசியு தான் அளக்கும் பேட்டரி வோல்டேஜை வைத்து ட்வெல்லைக் கணக்கிடுகிறது. காயிலுக்குப் போகும் ஒயரிலோ எர்த்திலோ மட்டும் வோல்டேஜ் விழுந்தால் அது இசியுவுக்குத் தெரியாது. அரைகுறையாக ஏறிய காயிலை அதே நேரத்தில் துண்டித்துவிடும். காயிலின் ஆற்றல் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 19 சதவீதம் போய்விடும். புதுக் காயில் போட்டும் வெட்டு நிற்காத வண்டிகளில் இதைத்தான் தேட வேண்டும்.

சோதனை எளிது. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை காயில் கனெக்டரின் எர்த் பின்னில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சிலிண்டர் ஹெட்டிலுள்ள எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து, டெர்மினலைச் சுத்தம் செய்து மாட்டுங்கள். பல வண்டிகளுக்கு இதுவே முழு வைத்தியம்.

சரிபார்ப்பு

வேலை முடிந்ததும் ஈசிஆரில் விரட்டிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். டைனோவில் ஏற்றுங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ டிராக் டே நடக்கும்போது போங்கள். விசிடிஎஸ் ஸ்கேனரை மாட்டி இந்த இன்ஜினில் 15, 16 ஆம் மெஷரிங் பிளாக்குகளைப் பார்த்தால் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கை தெரியும். மூன்றாவது கியரில் 2,500இலிருந்து முழுசாக மிதித்து ஏறும்போது நாலும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும்.

எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் இக்னிஷனை விட்டுவிடுங்கள். பூஸ்ட் ஹோஸ் கசிவு, டைவர்ட்டர் வால்வு ஓட்டை, அடைத்த பெட்ரோல் ஃபில்டர் எல்லாமே இதே மாதிரி அறிகுறி காட்டும். உயர் ஆக்டேனுக்கு ரீமேப் போட்டுவிட்டு அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் அடித்தாலும் இசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வண்டியை மந்தமாக்கும். அதற்கு எந்தப் பிளக்கும் பதில் சொல்லாது.

பிளக், காயில் மாற்றுவதில் சட்டச் சிக்கல் எழுவதில்லை. ரீமேப்பும் டர்போ மாற்றமும் வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாரன்டியும் இன்சூரன்ஸும் கைவிடலாம்.

கழற்றிய பழைய பிளக்குகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றின் மேலும் சிலிண்டர் எண்ணை மார்க்கரால் எழுதி, ரீமேப் செய்பவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி, கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போய் மூக்கில் மிளகுப் பொடி போலப் புள்ளிகள் இருந்தால் பிஸ்டனின் அலுமினியம் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிக் கண்டால் அந்த ரீமேப்பைக் குறைக்கும் வரை வண்டியை பூஸ்ட்டுக்கு ஏற்றாதீர்கள்.